மேல் அடுக்கில் ஒரு காலிஃபிளவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். என் தங்கை என்னைச் சாதாரணமானவன் என்று சொல்லிவிட்டாள்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. முட்டாள், சோம்பேறி, உருப்படாதவன் என்றெல்லாம் சொன்னால் ஓர் எழுத்தாளனுக்கு அதில் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். அவள் பாராட்டாகச் சொன்னாள். என் வீட்டுச் சமையலறையில் நின்று டீயை ஊதிக்கொண்டே, "அண்ணா, எனக்குத் தெரிஞ்சவங்கள்ல உன்னை மாதிரி சாதாரணமான ஆள் வேற யாரும் இல்ல. உன் மூளையை எனக்குக் குடேன்" என்றாள்.

என் மனைவி அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம், இங்கே அது சும்மாதான் கிடக்கிறது என்றாள்.

[இதற்கு முன் எழுதிய தொடக்கம்: "மனித மூளை என்பது நினைவுகளின்" என்று போயிற்று. அதோடு நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

[அதற்கும் முன்னால் எழுதியது: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது." அன்று மழை பெய்யவில்லை.]

கைவிட்ட வாக்கியங்களை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கையின் வங்கியில் ஒரு விதி உண்டு: உள்ளே வந்த எதையும் பதிவிலிருந்து அழிக்கக் கூடாது. அந்த விதி என்ன பாடுபடுத்தியது என்பது மூன்றாம் பகுதியில் வரும். அவள் கதையை எழுதும்போது அவள் விதிப்படியே எழுதுவோம் என்று நினைத்தேன்.

2

அவள் மருத்துவர், ஆனால் உயிரோடு இருப்பவர்கள் அவளிடம் போவதில்லை. திசுவை வெட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, என்ன நோய் என்று சொல்கிறவள். வயதானவர்களுக்கு வரும் மறதி நோயை ஆராய மூளைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு வங்கியைத் தொடங்கினாள். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பழைய சலவைக்கூடம் இருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

வங்கி என்றுதான் பெயர். வட்டி கிடையாது, போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. வருகிற மூளையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி ஃபார்மலின் ஜாடிக்கு, இன்னொரு பாதி துண்டு துண்டாகி உறைகுளிர் ஃப்ரீசருக்கு. ஃப்ரீசரில் கீழ் அடுக்குகள் நோய் வந்தவர்களுக்கு. மேல் அடுக்கு நோயில்லாதவர்களுக்கு. நல்லதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே கெட்டது எங்கே கெட்டது என்று தெரியும்.

கீழ் அடுக்குகளுக்கு ஆள் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவை, அத்தையை, மாமியாரைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன குடும்பங்கள் தாமாகவே வந்தன. மேல் அடுக்குக்குத்தான் ஒருவரும் அகப்படவில்லை. அவளோடு வேலை பார்ப்பவர்களே நழுவினார்கள். ஓடுகிற வண்டியை யாராவது பழைய இரும்புக் கடைக்குப் போடுவார்களா என்று இதய மருத்துவர் கேட்டாராம். இறந்த பிறகுதான் கேட்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் அவர் மின்தூக்கியில் ஏறிவிட்டார்.

[இந்த இடத்தில் தங்கையின் தோற்றத்தை வர்ணிக்க வேண்டும். முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதியிருந்தேன்: "அவள் கண்களில் ஃப்ரீசரின் குளிர்". பொய். அவளுக்கு எப்போதும் மூக்கு அடைத்திருக்கும், அவ்வளவுதான். சிறுவயதிலிருந்தே.]

ஆக, நான் தேவைப்பட்டேன். நோயில்லாதவன் என்று சோதித்துச் சான்று தருவார்கள். வருடா வருடம் சரிபார்ப்பார்கள். ஒருநாள் மேல் அடுக்குக்குப் போவேன். கோபம் இருந்தாலும் மேல் அடுக்கு என்ற சொல் காதில் நன்றாகத்தான் விழுந்தது. புத்தகக் கடைகளில் என்னை எப்போதும் கீழேதான் வைத்திருக்கிறார்கள்.

3

வங்கி திறப்பதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள் தங்கை. ஒருவர் இறந்ததும் வீட்டார் தொலைபேசியில் சொல்ல வேண்டும், வண்டி வர வேண்டும், மூளை உரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் திசு கெட்டுவிடும். ஒத்திகைக்கு யாருடைய மூளையையும் இரவல் கேட்க முடியாது. ஆகையால் ஏறக்குறைய அதே அளவில் ஒரு காலிஃபிளவர் வாங்கினார்கள்.*

இறந்தவனாக நான். எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டேன். என் மனைவி விதவையாக நடிக்க ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் வந்தது.

"அண்ணி, முதல்ல எனக்கு ஃபோன் பண்ணணும். அப்புறம்தான் அழணும்" என்றாள் தங்கை.

"அழுதுகிட்டே பண்ணக் கூடாதா?"

தங்கை யோசித்தாள். விலாசம் தெளிவாகக் கேட்கும் என்றால் அழுதுகொண்டே சொல்லலாம் என்று அனுமதித்தாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்தார். ஒத்திகை என்று தெரிந்தும் தொப்பியைக் கழற்றிவிட்டு என் தலைமாட்டில் குனிந்து நின்றார். நான் ஒரு கண்ணைத் திறந்தேன். "படுங்க சார், மரியாதைக்குத்தான்" என்றார். பிறகு காலிஃபிளவரை ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். தெருமுனை தாண்டும்வரை சைரன் கேட்டது.

கீழ்த்தளத்தில் அதைப் பெற்றுக்கொண்டவர் வங்கியின் உளவியலாளர். எந்நேரமும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் எங்கள் வீட்டில் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்றே பெயர். ஒத்திகை என்றால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கணினியில் பதிந்தார். வரவு எண்: ஒன்று. வயது: தெரியாது. பால்: தெரியாது. மறதிக்கான அறிகுறிகள்: இல்லை. அறிகுறிகள் இல்லாததால் கணினி அதை மேல் அடுக்குக்கு அனுப்பியது.

அழிக்க முடியவில்லை. அழிக்கவே முடியாதபடி அந்த நிரலை எழுதச் சொன்னவள் என் தங்கைதான். பிடிக்காத முடிவு வந்தால் யாராவது அதை நைசாகத் தூக்கிவிடக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தாள். ஆக, தன் வினை தன்னைச் சுட்டது. இன்று வரைக்கும் அந்த வங்கியில் நோயில்லாத மூளை என்று சான்றோடு இருப்பது ஒரு காலிஃபிளவர் மட்டும்தான். அதன் ஒரு பாதி மேல் அடுக்கில். இன்னொரு பாதி தங்கையின் அறையில் ஃபார்மலின் ஜாடியில்.

* அது முட்டைக்கோஸ் என்கிறாள் என் மனைவி. அவள்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தாளாம். எனக்குக் காலிஃபிளவர் என்றுதான் ஞாபகம். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் போகவில்லை.

4

இனி என் சோதனை. படம் வரைந்தேன், எண்களைத் தலைகீழாகச் சொன்னேன், கடிகாரத்தில் முள் போட்டேன். எல்லாம் சுலபம். கடைசியாக ஸ்டாப்வாட்ச், ஒரு சின்னக் கதை படிப்பேன், கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒருமுறை சொல்ல வேண்டும். கதை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம ஏரியா.

அவர் படித்த கதை இதுதான். நீங்களும் கவனமாகப் படியுங்கள்.

"ஒரு தையல்காரி செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் சந்தைக்குப் போனாள். இறங்கும்போது பச்சைக் குடையை இருக்கையிலேயே மறந்துவிட்டாள். நடத்துனர் அதைப் பார்த்து, பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார். அவள் நன்றி சொல்லி அவருக்கு மூன்று ஆரஞ்சுப் பழங்கள் கொடுத்தாள். வீடு போய்ச் சேருவதற்குள் மழை வந்துவிட்டது."

இதை எழுதியவர் யாரோ தெரியவில்லை. நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். சந்தைக்குப் போகிறவளிடம் அதற்கு முன்பே ஆரஞ்சு எப்படி வந்தது? பழத்தோடு ஒருத்தி ஏன் சந்தைக்குப் போகிறாள்? எந்த வேலையாக இருந்தாலும் இந்தக் கதை நடந்துவிடுமே, அவள் ஏன் தையல்காரி? முடிவில் வரும் மழை எதற்கு? குடைக்காக மழையா, மழைக்காகக் குடையா?

முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறக்குறைய அப்படியே சொன்னேன். அடுத்த அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். எழுதுகிறவனை ஓட்டையுள்ள கதையோடு அரை மணி நேரம் தனியாக விடுவது எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பது மாதிரி.

இரண்டாம் தடவை நான் சொன்னது: ஒரு தையல்காரி பேருந்தில் போகிறாள். நடத்துனர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. தையல்காரி என்பதால் அது அவள் கண்ணை உறுத்துகிறது. நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? இறங்கும்போது குடையை வேண்டுமென்றே விட்டுவிட்டு இறங்குகிறாள். அவர் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார். "அசையாம நில்லுங்க" என்று சொல்லி, நடைபாதையிலேயே பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டிக்கிறாள். பேருந்தில் இருப்பவர்கள் கத்துகிறார்கள். மழை வரவில்லை.

ஸ்டாப்வாட்ச் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று மெதுவாகக் கேட்டார். இதற்கு மேல் சேர்த்தால் கதை நீண்டுவிடும் என்றேன்.

பிறகுதான் தெரிந்தது: செவ்வாய்க்கு ஒரு மதிப்பெண், பச்சைக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஆரஞ்சுக்கு ஒன்று என்று போகிறது கணக்கு. பொத்தானுக்கு ஒன்றும் கிடையாது. இல்லாததை நம்பிக்கையோடு சொல்வது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு சின்ன டிக்.

5

சோதனையில் ஐயம் வந்தால் வீட்டில் இருப்பவரைத் தனியாக விசாரிப்பது வழக்கமாம். என் மனைவியைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தவில்லை; எனக்கு எல்லாம் கேட்டது.

வைத்த பொருளை மறக்கிறாரா? மறக்கிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? சொல்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் எங்கோ போய்விடுகிறதா? போய்விடுகிறது. நடக்காததை நடந்ததாகச் சொல்கிறாரா? அதுதான் அவருக்குத் தொழிலே. எப்போதிலிருந்து இந்த மாற்றம்?

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே."

அந்த வினாத்தாளில் அவ்வளவு தூரம் பின்னால் போக இடமில்லை. ஸ்டாப்வாட்ச் பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அந்தக் கணக்குப்படி என் முதல் புத்தகத்துக்கு முன்பிருந்தே நான் நோயாளி. அந்தப் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லின.

இதுவரை வேடிக்கையாக எழுதிவிட்டேன். வேடிக்கையாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வரும்வரை. அதற்குப் பிறகு என் மனைவி என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரு பாட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். இப்போது எங்கிருந்தோ எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

6

இந்தப் பகுதியை எழுத எனக்கு இஷ்டமில்லை. ["என் தந்தை ஒரு" என்று தொடங்கி இரண்டு முறை விட்டுவிட்டேன்.]

எங்கள் அப்பாவுக்கு மறதி நோய் இருந்தது. அது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் எங்களுக்கு அப்போது தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தங்கை பிறந்த நாளைப் பற்றி அவர் ஒரு கதை சொல்வார். கடும் மழை, வண்டி கிடைக்கவில்லை, பால்காரரின் மிதிவண்டியை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், குழந்தை மூக்கு அடைத்துத் தும்மிக்கொண்டிருந்தது. நூறு தடவை கேட்ட கதை. ஒருநாள் அதில் மழை இல்லை. இன்னொரு நாள் மிதிவண்டிக்குப் பதில் லாரி. ஒருமுறை பால்காரரும் கூடவே வந்துவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா என்னைவிட நல்ல எழுத்தாளர் என்று நானே சொன்னேன். தங்கையும் சிரித்தாள், இந்தத் தடவை என்னைப் பார்க்க எதில் வந்தீர்கள் என்று அவளே கேட்பாள்.

பிறகு ஒருநாள் அப்பா அதே கதையைச் சொன்னார். மழை இருந்தது, மிதிவண்டி இருந்தது, மருத்துவமனை இருந்தது. குழந்தை இல்லை. "யாரைப் பாக்கப் போனேன்னு தெரியல" என்று அவளிடமே சொன்னார்.

அவர் போனபோது வங்கி என்று ஒன்று இல்லை. அவருக்கு வந்தது எந்த வகை என்று கடைசிவரை தெரியவில்லை. மருத்துவர்கள் ஊகித்ததோடு சரி. உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் ஊகம்தான். வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். அதனால்தான் சலவைக்கூடத்தில் ஒரு ஃப்ரீசர்.

கதையை மாற்றிச் சொல்லும் இன்னொருவன் தன் குடும்பத்தில் இருக்கிறான் என்பது அவள் மேசைக்கு வந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

7

கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். ஸ்டாப்வாட்சை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசையில் என் சோதனைத்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் அந்த ஜாடி இருந்தது. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"அண்ணா, வேணும்னேதான் மாத்தினியா?"

"ஆமா."

யோசிக்காமல் வந்துவிட்டது அந்த ஆமா. இதை எழுதும்போது யோசிக்கிறேன். எனக்கு ஆரஞ்சு பிடிக்கவில்லை, அதனால் எடுத்தேன், அது நிச்சயம். செவ்வாய்க்கிழமை? அதை நான் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது அங்கே இல்லை. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். எடுத்ததற்கும் தொலைந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

"சரி. அப்ப அசலைச் சொல்லு."

["நான் தொண்டையைச் செருமிக்கொண்டு" — வேண்டாம். செருமவில்லை.]

சொன்னேன். தையல்காரி, பேருந்து, குடை, நடத்துனர். ஒவ்வொன்றாகத் தரையில் கால் வைத்துப் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூக்கை உறிஞ்சினாள், அது அடைப்பினாலா அழுகையினாலா என்று எனக்கு எப்போதுமே பிரித்துச் சொல்லத் தெரியாது. நான் முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"சரியா?" என்றேன்.

"தெரியல அண்ணா. இதை எத்தனையோ பேருக்கு நானே படிச்சுக் காட்டியிருக்கேன். இப்ப கண்ணை மூடினா எனக்கும் பொத்தான்தான் வருது."

தாள் மேசைமேல்தான் இருந்தது. திருப்பினால் தெரிந்துவிடும். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. அடுத்த வருடமும் வந்து சோதனை எழுத வேண்டும் என்றாள். அதற்கடுத்த வருடமும். வேறு கதை கொடுக்கச் சொல் என்றேன். முடியாது, எல்லோருக்கும் இதே கதைதான் என்றாள்.

எழுந்தபோது கேட்டேன்: "கடைசியில என்னை எந்த அடுக்குல வைப்ப?"

"அது வெட்டிப் பாத்தாதான் தெரியும். நானே பாக்கறேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்." பிறகு, "மெதுவா வா. அவசரமில்ல" என்றாள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: அன்று அசலை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னேன். நான் நலம். மேல் அடுக்கில் காலிஃபிளவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் உறுதி. என் மனைவி மறுபடி என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாம் முடிவு: நான் சொன்னதில் குடை நீலமாக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அதனால்தான் கண்ணைத் திறக்கவில்லை.

மூன்றாவது: ஜாடியில் இருந்தது முட்டைக்கோஸ்.

இவற்றில் எது என்று என்னைக் கேட்காதீர்கள். பிகு பண்ணவில்லை. மற்றக் கதைகளில் முடிவு எனக்குத் தெரியும், சொல்லாமல் மறைப்பேன். இந்தக் கதையின் முடிவு என் தலைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்கப்போகிறவள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நுண்ணோக்கியில் குனிவாள். அது எந்த அடுக்காக இருந்தாலும், அன்றைக்கு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், எனக்குச் சொல்ல முடியாது. அந்த நினைப்பில் அழுகை வருகிறது, எனக்காக அல்ல. அவள் இதை இன்னொரு தடவை தனியாகத் தாங்க வேண்டியிருக்கிறதே என்றுதான்.

அதனால் உங்களிடம் ஓர் உதவி. நான்காம் பகுதியைப் படித்து இந்நேரம் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்லுங்கள், ஸ்டாப்வாட்ச் படித்த கதையை. கிழமை என்ன? குடை என்ன நிறம்? எத்தனை பழம்? நீங்கள் சொல்வதில் ஒரு பொத்தான் வந்துவிட்டால் பயப்படாதீர்கள். அதை வைத்தவன் நான். பழம் காணாமல் போயிருந்தால், அதற்கு நான் பொறுப்பா என்று எனக்கும் தெரியாது.

யாரும் நேரம் பார்க்கவில்லை. ஒரு தையல்காரி பேருந்திலிருந்து இறங்கினாள். சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.